'மலஉ': பிரமுகர்களும் நீர்ப்பங்கும்

இறைத்தூதர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் கூறுமிடங்களில் 'அல்மலஉ' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 'நிரப்புதல்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. காண்போரின் கண்ணையும் நெஞ்சையும் மதிப்பால் நிரப்புவோர் என அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். நம் வழக்கில், ஊர்ப் பிரமுகர்கள். சொல்லில் இழிவு ஏதுமில்லை. ஸபா நாட்டு அரசி ஆலோசனை கேட்டதும் (27:32), சுலைமான் (அலை) பொறுப்பை ஒப்படைக்க அழைத்ததும் (27:38) மலஉகளைத்தான்.

ஆயினும் நூஹ், ஹூத், ஸாலிஹ், ஷுஐப் (அலை) ஆகியோரை எதிர்த்து நின்றவர்களும் இவர்களே என்று அல்அஃராஃப் அத்தியாயம் காட்டுகிறது. அவற்றுள் ஸமூது கூட்டத்தாரின் நிகழ்ச்சி ஊன்றிப் படிக்கத்தக்கது. அங்கே சோதனையாக அமைந்தது தண்ணீர். ஒட்டகத்திற்கு ஒரு முறை, மக்களுக்கு ஒரு முறை என நீர் பங்கிடப்பட்டிருந்தது (26:155, 54:28). அப்பங்கை அவர்கள் பொறுக்கவில்லை. ஒட்டகத்தை வெட்டியவன் ஒருவனே (54:29). ஆனால் 91:14 பன்மை வினையால் அக்குற்றத்தை அனைவர் மீதும் சுமத்துகிறது. தடுக்காதவர்களும் செய்தவர்களோடு எண்ணப்பட்டனர்.

இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் திண்டுக்கல் சமவெளியின் கிணறுகள் நினைவுக்கு வருகின்றன. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுவர். ஊறவைக்கும்போது அவ்வுப்பு கழிவுநீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பு குரோமியத்தைக் குறைக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. நிலத்தடி நீர் உவர்த்தால் முதலில் வாடுவது சிறு விவசாயி. 28.8.1996 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம், திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தரவேண்டும் என்றது.

தமிழகத்தில் இத்தொழிலின் முன்னணியில் நம் சமுதாயத்தவரும் இருந்தனர். அவ்வருவாயால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் வளர்ந்ததை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் ஃபிக்ஹு சட்டத்தில் தர்மம் வேறு, ளமான் எனும் இழப்பீட்டுப் பொறுப்பு வேறு. அடியார்களின் உரிமையைப் பறித்தவர், உரியவரிடம் ஈடுசெய்தோ மன்னிப்புப் பெற்றோதான் விடுபட முடியும். ஜகாத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் அந்தக் கடன் தீராது. தானும் தீங்குறாமல் பிறர்க்கும் தீங்கிழைக்காமல் இருத்தல் நபிகள் நாயகம் (ஸல்) வகுத்த விதி.

முந்திய சமுதாயங்களில் குழப்பத்தைத் தடுத்த அறிவுடையோர் மிகச் சிலரே என்கிறது 11:116. மற்றோர் தம் சுகபோகத்தின் பின் சென்றனர். நிறமும் சுவையும் மாறிய நீரில் உளூச் செய்யலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். அதை மாற்றியவர் யாரென்ற கேள்வி எந்த ஜமாஅத் கூட்டத்திலாவது எழுமானால், அதை எழுப்புபவர் மலஉகளுள் ஒருவராக இருப்பதே முறை.