பிடிக்கிறவருக்கு ஏது வயசு? 41-ல் உலகக் கோப்பை தூக்கிய தஞ்சை கபடி ‘அண்ணா’

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தில் பழைய கபடி ஆட்டக்காரர்கள் நிறைய பேர் உண்டு. பள்ளிக்கூட டீமில் ஆடியவர்கள், பொங்கல் போட்டியில் கப் வாங்கியவர்கள். இப்போது கேட்டால், ‘28 வயசு ஆச்சு, இனிமே எங்கே?’ என்பார்கள்.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975-ல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோது அவருக்கு வயசு 39. மற்றவர்கள் மூட்டை கட்டும் வயசில் இவர் ஆட்டம் டி.வி.க்கு வந்தது!

மூலையில் நிற்கும் ஆள்

கபடியில் கைதட்டல் எல்லாம் பாடிப் போகும் ரெய்டருக்குத்தான். சேரலாதனோ பிடிக்கிற ஆள். வலது கார்னரில் நிற்பவர்.

ரெய்டருக்கு ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான் நேரம். அதற்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவர் காலை நீட்டும் அந்த ஒரு நொடிக்காக கார்னர் ஆள் காத்திருப்பார். கணுக்காலை அமுக்கினதும் பக்கத்தில் நிற்கும் ஆட்கள் பாய்ந்து மூடிவிடுவார்கள். பிடித்தால் ஒரு புள்ளி. களத்தில் மூணு பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’, இரண்டு புள்ளி.

அவசரப்பட்டால் போச்சு. ரெய்டர் நழுவி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவர் மேல் கை வைத்த அத்தனை பேரும் அவுட். ஆளுக்கு ஒரு புள்ளி எதிரணிக்கு.

கனடாவிலும் இதே கதைதான்

கனடா நாட்டு புட்பாலில் பந்தை கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 12 பேர். அங்கே தடுப்பு வரிசையில் முன்னால் நிற்கும் ஆட்களுக்கு, பந்து வைத்திருப்பவரை மடக்கிக் கீழே சாய்ப்பதுதான் வேலை. பலர் 120 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். பந்தில் இருந்து ஒரு கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று விதி இருப்பதால், அந்த இடைவெளியைத் தாண்டிப் பாய வேண்டும். மோதி மோதி முட்டி, தோள்பட்டை எல்லாம் அடி வாங்கும். ஆனால் பேரும் புகழும் பந்து வீசுகிறவருக்கே அதிகம்.

நம்ம கபடி வீரருக்கு அத்தனை எடை கிடையாது. புரோ கபடியில் 85 கிலோ தாண்டக் கூடாது. அடி மட்டும் குறைவில்லை.

கேப்டன் ஆனார்

2016 ஜூலை 31-ந்தேதி ஐதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் பாட்னா பைரேட்ஸ் அணி 37-29 என்று ஜெய்ப்பூரை வீழ்த்தி கோப்பையை வென்றது. பாட்னா கேப்டன் 41 வயசு சேரலாதன்! அந்த ஆட்டத்தில் புள்ளிகளை அள்ளியது இளம் ரெய்டர் பர்தீப் நர்வால். அந்த வயசுப் பையன்களுக்கு எல்லாம் இவர் ‘அண்ணா’.

அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே இந்தியா கொரியாவிடம் 32-34 என்று தோற்றது. இறுதிப் போட்டியிலும் பாதி நேரம் வரை ஈரான்தான் முன்னிலை. கடைசியில் 38-29 என்று கோப்பை நம் கைக்கு வந்தது. அந்த இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். அதோடு நிற்கவில்லை. 2019-ல் 44 வயசில் அரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு கேப்டன். 2024-ல் தமிழ் தலைவாஸ் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார்.

எப்படி முடிந்தது?

ரெய்டருக்கு வேகம்தான் மூலதனம். வயசு ஏற ஏற அது குறையும். கார்னர் ஆளுக்கு கணிப்பும் பொறுமையும்தான் மூலதனம். அது ஆட ஆட கூடும். எந்த ரெய்டர் எந்தக் காலை முன்னால் வைப்பார், எப்போது திரும்புவார் என்பது பார்த்துப் பார்த்து வரும் அறிவு. பழைய மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் சீனியர் பிட்டர் மாதிரி!

அதற்காக நாளைக்கே மைதானத்தில் குதித்துவிட வேண்டாம். ஆட்டத்தை விட்டு பல வருசம் ஆனவர்கள் முதலில் ஓட்டம், வார்ம்-அப் என்று உடம்பைப் பழக்க வேண்டும். முட்டி வலி இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்குவதே நல்லது.

வேகம் போச்சே என்று உட்கார்ந்திருக்கும் அண்ணன்களே, கார்னரில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கிறது!