சின்ன பள்ளி, பெரிய சதவீதம்: கே.ஜி.பி.வி. பள்ளியை எப்படிப் பார்க்கிறது?

ரிசல்ட் வந்த அன்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பேச்சுதான். அந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு, இந்தப் பள்ளி எழுபத்தஞ்சு. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதைப் பல வீடுகளில் அந்த ஒரு எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். பெரிய பள்ளிக்கு அது ஓரளவு சரி. ஐம்பது, நூறு பேர் படிக்கிற பள்ளிக்கு அந்த எண் நம்மை ஏமாற்றிவிடும்.

கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா பள்ளிகளை எடுத்துக்கோங்க. சுருக்கமாக கே.ஜி.பி.வி. படிப்பைப் பாதியில் விட்ட, பள்ளிக்கே போகாத பெண் பிள்ளைகளுக்காக 2004-ல் மத்திய அரசு தொடங்கிய உண்டு உறைவிடப் பள்ளிகள் இவை. கல்வியில் பின்தங்கிய வட்டாரங்களில்தான் இவை தொடங்கப்பட்டன. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாமே இலவசம். பெரும்பாலும் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை இருக்கும். 2018-க்குப் பிறகு 12-ஆம் வகுப்பு வரை விரிவுபடுத்தவும் வழி செய்யப்பட்டது.

இங்கே யார் படிக்கிறார்கள் என்பது விதியிலேயே இருக்கிறது. குறைந்தது 75 சதவீத இடங்கள் எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பிரிவுப் பெண் பிள்ளைகளுக்கு. மீதி 25 சதவீதம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. அதாவது, மற்ற பள்ளிகளில் யார் முதலில் விடுபட்டுப் போவார்களோ, அவர்களுக்காகவே கட்டிய பள்ளி இது. வகுப்புக்கான வயதைத் தாண்டிய பிள்ளைகளும் இருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளிக்கே போகாத 12 வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தால், அது பள்ளி சொல்லிக்கொடுக்காததால் என்று உடனே முடிவு கட்டிவிடாதீங்க. அவள் போன வருஷம்தான் பள்ளிக்கே வந்திருக்கலாம்.

சரி, இந்தப் பள்ளியின் கணக்கைப் போனிலேயே எப்படிப் பார்க்கிறது? நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-ல் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் மாவட்டம், அதற்கடுத்த இரண்டு வட்டாரம், பிறகு மூன்று கிராமம் அல்லது வார்டு, கடைசி இரண்டு பள்ளி. யூடைஸ் பிளஸ் தளத்தில் 'நோ யுவர் ஸ்கூல்' பகுதிக்குப் போய் இந்த எண்ணையோ பள்ளியின் பெயரையோ கொடுத்தால் பள்ளியின் விவர அட்டை வரும். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை, குடிநீர் வசதி எல்லாம் அதில் இருக்கும். எந்தக் கல்வியாண்டின் கணக்கு என்பதை முதலில் பார்த்துக்கோங்க. பழைய அட்டையைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வெளியே நின்று சண்டை போடுகிறவர்களும் உண்டு!

பலரும் இங்கே ஒரு தப்பு செய்வார்கள். நானும் முதல் தடவை செய்தேன். ஆறாம் வகுப்பில் 30 பேர், எட்டாம் வகுப்பில் 16 பேர் என்று பார்த்ததும், 'பாதிப் பேர் ஓடிட்டாங்க'ன்னு நினைத்துவிட்டேன். ஆனால் இந்த வருஷ எட்டாம் வகுப்பும் இந்த வருஷ ஆறாம் வகுப்பும் வேறு வேறு பிள்ளைகள். போன வருஷ ஏழாம் வகுப்பையும் இந்த வருஷ எட்டாம் வகுப்பையும் ஒப்பிட்டால்தான் எத்தனை பேர் நிலைத்து நின்றார்கள் என்று தெரியும். அதுவும் தோராயமாகத்தான். நடுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருப்பார்களே.

இப்போ சதவீதத்துக்கு வருவோம். எட்டாவதில் 16 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பெண் படிப்பை நிறுத்தினாலும் 6 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிடும். 160 பேர் படிக்கிற பள்ளியில் அதே ஒரு பெண் நின்றால் ஒரு சதவீதம்கூடக் குறையாது. அதனால் சின்ன பள்ளியில் சதவீதத்தை விட்டுவிட்டு ஆள் கணக்கைக் கேளுங்க. 'ரெண்டு பேர் நின்னுட்டாங்க' என்றால், அந்த ரெண்டு பேர் யார், எதனால் நின்றார்கள் என்று கேட்க முடியும். கல்யாணமா, வேலைக்கு அனுப்பிவிட்டார்களா, குடும்பம் இடம் பெயர்ந்துவிட்டதா? சதவீதம் இதையெல்லாம் சொல்லாது.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. ஆக, எட்டாவதோடு முடிகிற கே.ஜி.பி.வி.யில் 'எத்தனை பேர் பாஸ்' என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. கேட்க வேண்டியது, எட்டாவது முடித்தவர்களில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள், எந்தப் பள்ளியில், அங்கே தங்க விடுதி கிடைத்ததா என்பதுதான். விடுதியில் தங்கிப் படித்த பெண் எட்டாவது முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புவாள். அங்கிருந்து உயர்நிலைப் பள்ளி பத்து கிலோமீட்டர் என்றால் அவள் படிப்பு அங்கேயே நிற்க வாய்ப்பு அதிகம். இந்தப் பதில் விவர அட்டையில் இருக்காது. தலைமை ஆசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோதான் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் கேட்கத் தயங்க வேண்டாம்.

உங்கள் தெருவில் பள்ளியை விட்ட பெண் பிள்ளை இருந்தால், உங்கள் வட்டார வள மையத்தில் சொல்லுங்க, அல்லது பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-ஐ அழையுங்க. டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று தயங்க வேண்டாம். 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வருஷத்தின் நடுவில் போனாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.