கைப்பேசி காட்டும் கலோரிக் கணக்கு: கடைக்காரர்கள் அறிய வேண்டியவை



சில ஆண்டுகளாக நம் கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் ஒரு புதுப் பழக்கத்தைக் காண்கிறோம். பாக்கெட்டை எடுத்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் கைப்பேசியைப் பார்கோடுக்கு நேரே பிடிக்கிறார்கள். இன்னும் சிலர், "அண்ணாச்சி, இந்தக் கடலை நூறு கிராமுக்கு எத்தனை கலோரி?" என்று நம்மிடமே கேட்கிறார்கள். உடல் எடையைக் குறைக்க நினைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இந்தக் கணக்கை நம்பித்தான் சாப்பாட்டை அளக்கிறார்கள். ஆகவே, அந்த எண் எங்கிருந்து வருகிறது, எங்கே தவறுகிறது என்பதைச் சரக்கு விற்கும் நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எண் வரும் வழி

கைப்பேசிச் செயலி எதுவும் உணவைப் பரிசோதிப்பதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த பட்டியலில் இருந்து எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தப் பட்டியல் மூன்று வழிகளில் சேருகிறது. முதலாவது, அரசு நிறுவனங்களின் ஆய்வு அட்டவணை. நம் நாட்டில் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971ல் ஒரு அட்டவணையும், 2017ல் 528 உணவுப் பொருள்களைப் பரிசோதித்துப் புதிய அட்டவணையும் வெளியிட்டது. இந்நிறுவனம் 1918ல் நமது குன்னூரில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது, கம்பெனிகள் பாக்கெட்டில் அச்சிடும் விவரம். மூன்றாவது, பயன்படுத்துபவர்களே பதிவு செய்வது. அமெரிக்காவில் 2005ல் தொடங்கிய மைஃபிட்னஸ்பால் போன்ற செயலிகளின் பட்டியல் பெருமளவு இப்படி வளர்ந்ததுதான். இந்த மூன்றாவது வழியில்தான் பிழை அதிகம் நுழைகிறது.

பெயரில் வரும் குழப்பம்

கடலை என்று ஒரே சொல்லில் கேட்டால் எதை எடுத்துத் தருவோம்? நிலக்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா என்று திருப்பிக் கேட்போம். செயலி அப்படிக் கேட்பதில்லை. 1971ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் நிலக்கடலைக்கு 567 கலோரி, பொட்டுக்கடலைக்கு 369, கொண்டைக்கடலைக்கு 360. பெயர் மாறினால் 200 கலோரி மாறிவிடுகிறது. தேங்காய்க்கு 444 என்றால் கொப்பரைக்கு 662. இளசான மக்காச்சோளத்துக்கு 125. காய்ந்த மக்காச்சோளத்துக்கு 342. நம் நாட்டுச் சோளம் வேறு தானியம், அதற்கு 349. சரக்கு தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடுகள் புதிதல்ல. பட்டியலில் பதிவு செய்தவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே கேள்வி.

அரிசியா, சோறா?

எல்லாவற்றிலும் பெரிய பிழை இதுதான். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அது வெந்து சோறானால் தண்ணீரை இழுத்து 250 முதல் 300 கிராம் வரை வருகிறது. அதனால் 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். மாவுச்சத்தும் அப்படியே: அரிசியில் 78 கிராம், சோற்றில் 28 கிராம். செயலியில் "அரிசி" என்று போட்டுவிட்டுச் சோற்றை எடை போட்டால் கணக்கு இரண்டரை மடங்கு கூடிவிடும். மாற்றிப் போட்டால் அதே அளவு குறையும். மாவுச்சத்தை எண்ணி இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு இது விளையாட்டான காரியம் அல்ல.

அளவும் அலகும்

மொத்த வியாபாரத்தில் எண்ணெயை லிட்டரிலும் கிலோவிலும் வாங்கி விற்கும் நமக்கு ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ அல்ல என்று நன்றாகத் தெரியும். சுமார் 910 கிராம்தான். 100 கிராம் எண்ணெய்க்கு 900 கலோரி. 100 மில்லிக்குச் சுமார் 820 தான். செயலியில் "ஒரு கப்" என்பது அமெரிக்கக் கணக்கில் சுமார் 240 மில்லி. நம் ஆழாக்கு சுமார் 168 மில்லி.

அலகிலும் கவனம் தேவை. 2017 அட்டவணை கலோரியில் அல்ல, கிலோ ஜூலில் எழுதப்பட்டது. பச்சரிசிக்கு 1491 என்று இருப்பதை 4.184ஆல் வகுத்தால்தான் 356 கலோரி வரும். வகுக்காமல் பதிந்தால் நான்கு மடங்காகிவிடும்.

அச்சிட்ட எண்ணும் சராசரியே

பாக்கெட்டில் உள்ள எண்ணும் பெரும்பாலும் ஒரு பொதுச் சூத்திரப்படி போட்டதுதான். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கலோரி என்பது அமெரிக்க விஞ்ஞானி அட்வாட்டர் வகுத்த கணக்கு. முழுப் பாதாமில் உள்ள கொழுப்பு முழுவதும் உடலில் சேருவதில்லை. 2012ல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் சோதித்தபோது, 28 கிராம் பாதாமில் இருந்து உடலுக்குக் கிடைப்பது 129 கலோரிதான் என்று கண்டார்கள். சூத்திரக் கணக்கோ சுமார் 170.

பார்கோடிலும் ஒரு சங்கடம் உண்டு. கம்பெனி கலவையை மாற்றினாலும் செயலியில் பழைய விவரமே நிற்கலாம். கையில் உள்ள பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதையே கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வாடிக்கையாளர் கேட்டால் மனதில் தோன்றிய எண்ணைச் சொல்ல வேண்டாம். பாக்கெட் சரக்கு என்றால் பின்பக்க விவரத்தைக் காட்டுங்கள்.

2. உதிரிச் சரக்கு என்றால் சரியான பெயரைச் சொல்லுங்கள். பில்லிலும் "கடலை", "சோளம்", "பருப்பு" என்று மொட்டையாகப் போடாமல் முழுப் பெயர் போடுங்கள்.

3. சமைப்பதற்கு முன் உள்ள எடை வேறு, சமைத்த பின் எடை வேறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

4. வெல்லம் சர்க்கரை நோய்க்கு ஆகும், சீனி ஆகாது என்றெல்லாம் சொல்லி விற்க வேண்டாம். 1971 அட்டவணையில் வெல்லத்துக்கு 383, சீனிக்கு 398 கலோரி. பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளிக்கு எது ஆகும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

5. சொந்தப் பெயரில் பாக்கெட் போடுபவர்கள் கைப்பேசியில் கண்ட எண்ணை லேபிளில் அச்சிடவே கூடாது. பரிசோதனைக்கூட அறிக்கை பெற்று அச்சிடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான லேபிளிட்ட உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. செயலியில் பார்த்துப் போட்டேன் என்று சொன்னால் அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார்.

செயலிகளை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பல நாட்கள் ஒரே மாதிரி குறித்து வந்தால், நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று அறிய அவை உதவும். ஆனால் சரியான பெயரும் சரியான எடையும் உள்ளே போனால்தான் ஓரளவு சரியான கணக்கு வெளியே வரும். அந்தப் பெயரையும் எடையையும் வாடிக்கையாளருக்குச் சரியாகத் தருவது நம் கையில்தான் இருக்கிறது. அதைத் தவறாமல் செய்வோம்.