உங்களுக்குத் தெரியுமா? கண்ணடிக்கும் வண்டிகள்!

ராத்திரி எட்டு மணிக்குத் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் தலையில் மினுக். போலீஸ் பேரிகார்டில் மினுக். பைக் வாலில் மினுக். ஆம்னி பஸ் நெற்றியில் மினுக்! ஒவ்வொரு மினுக்குக்குப் பின்னாலும் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. வரிசையாகப் பிடித்து வந்திருக்கிறோம்!

இண்டிகேட்டர் இஷ்டத்துக்குச் சிமிட்டக் கூடாது, தெரியுமா? நிமிஷத்துக்கு 60 தடவைக்குக் குறையவும் கூடாது, 120-ஐத் தாண்டவும் கூடாது. கண்ணடிக்கவும் சட்டம் உண்டு!

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் எச்சரிக்கை விளக்கு பொதுவாக நிமிஷத்துக்கு 40 முதல் 100 முறை சிமிட்டும். ஆம்புலன்ஸ் விளக்கோ, ஐ.நா. வாகன விதிப்படி 120 முதல் 240 முறை! வானத்தில் பறப்பதைவிடத் தரையில் ஓடுவதற்குத்தான் அவசரம் அதிகம்!

ஒரே திறனுள்ள இரண்டு விளக்குகள். ஒன்று விடாமல் எரிகிறது, இன்னொன்று பளிச்சென்று ஒரு கணம் மின்னி மறைகிறது. எது பிரகாசம்? மின்னி மறைவதுதான்! புரோக்கா, சுல்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்த வருஷம் 1902!

பகலில் பளபளக்கும் சிவப்பு, இருட்டினால் மங்கிவிடும். நீலம் தூக்கலாகத் தெரியும். செக் விஞ்ஞானி புர்கின்யே இதைக் கவனித்தபோது உலகில் ஒரு மோட்டார் கார்கூடக் கிடையாது!

குடியரசுத் தலைவர் காரில் சிவப்புச் சுழல்விளக்கு உண்டா? கிடையாது! பிரதமர் காரில்? அதிலும் கிடையாது! 2017 மே 1-இல் எல்லா வி.ஐ.பி. வண்டிகளிலிருந்தும் ஒரே அடியாகக் கழற்றிவிட்டார்கள்!

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15-இல். அது பின்னால் மினுக்கிக்கொண்டு வரும்போது வழி விடாமல் போனால் அபராதம் எவ்வளவு? 10,000 ரூபாய்! ஆறு மாதம் வரை ஜெயிலுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது!

மினுக்கு வெளிச்சம் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோகும்! 1997 டிசம்பர் 16, ஜப்பான். டி.வி.யில் போக்கிமான் கார்ட்டூன். சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னின. வலிப்பு, வாந்தி, தலைசுற்றல். ஆம்புலன்ஸில் போனவர்கள் 685 பேர்!

ஒரே புள்ளியை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் இருப்பவை மெல்ல மங்கிக் காணாமலே போகும்! சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே சொல்லிவிட்டார். முன்னால் மினுக்கும் விளக்கையே வெறித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் கவனிக்க!

கண் போகும் பக்கம் ஸ்டியரிங்கும் போகும்! ஓரமாக நிற்கும் ரோந்து வண்டியின் விளக்கைப் பார்த்தபடியே போய் அதன் மேலேயே மோதுகிறார்கள். இதற்கு வைத்திருக்கும் பெயர், விட்டில் பூச்சி விளைவு!

பெருங்களத்தூரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். பக்கத்து பஸ்ஸின் வண்ண விளக்கை இரண்டே இரண்டு நொடி வேடிக்கை பார்த்தீர்கள். அதற்குள் வண்டி கடந்த தூரம் 33 மீட்டர்!

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு முழுசாகப் பழகக் கண்ணுக்குச் சுமார் 30 நிமிஷம் வேண்டும். அதற்குள் தாம்பரத்தில் ஏறியவர் மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கிவிடலாம்!

இருட்டில் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்! ஆனால் கூச்சம் மட்டும் பெரியவருக்குத்தான் அதிகம்!

முடிச்சூர் ரோட்டில் ராத்திரி படுத்திருக்கும் மாட்டின் கண் ஹெட்லைட் பட்டால் ஜொலிக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. அதே ரோட்டில் திரியும் பன்றிக்கு? அந்தப் படலமே கிடையாது!

உங்கள் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் என்றுகூடச் சட்டம் அளந்து வைத்திருக்கிறது! மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. விதி எண் 106. தூரம் 8 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர்!

ஹெட்லைட்டை டிப் அடித்தால் என்ன அர்த்தம்? லண்டனில் பெரும்பாலும் "நீங்க போங்க!" வண்டலூரில் "நில்லு, நான் வர்றேன்!" ஒரே வெளிச்சம், நேர் எதிர் அர்த்தம்!

நேராகப் போகிறேன் என்று காட்ட நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு சந்திப்பைக் கடப்பவரா நீங்கள்? இடப்பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் கண்ணில் படும். நீங்கள் திரும்பப் போவதாகவே நினைப்பார்!

2022 அக்டோபர் 5, நள்ளிரவை நெருங்கும் நேரம். பாலக்காடு பக்கம் வடக்கஞ்சேரியில் டூரிஸ்ட் பஸ் ஒன்று அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். தானாக முன்வந்து விசாரித்த கேரள உயர் நீதிமன்றம், பஸ்களின் வண்ண விளக்குகள் மீது பாய்ந்தது. விதியை மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி அபராதம். ஒன்றுக்கு 5,000 ரூபாய்!

டிரைவருக்கு மட்டுமா, பைலட்டுக்கும் கண் கூசும்! 2025 மே மாதம் துபாயிலிருந்து சென்னையில் இறங்க வந்த விமானத்தின் மேல் பரங்கிமலைப் பக்கமிருந்து யாரோ லேசர் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் 300 பேருக்கு மேல்! பத்திரமாகத் தரையிறங்கியது!

பழைய பல்பு பிரேக் லைட்டைவிட எல்.இ.டி. விளக்கு சுமார் 0.2 நொடி முந்தி எரியும். இதென்ன பெரிய லாபம் என்கிறீர்களா? 60 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்று மீட்டருக்கு மேல்! வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்த நீல எல்.இ.டி.க்கு 2014-இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்!

கடைசியாக ஒரு சூப்பர் கணக்கு! 1970-களில் சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகளின் பின்னால் கூடுதலாக ஒரு பிரேக் லைட்டைப் பொருத்திப் பார்த்தார்கள். பின்னாலிருந்து மோதும் விபத்து 60.6 சதவீதம் சரிந்தது! அடடா என்று 1986 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாக்கினார்கள். எல்லாரிடமும் வந்த பிறகு, எல்லாருக்கும் பழகிப்போன பிறகு, அதே விளக்கு குறைத்த விபத்து எவ்வளவு? வெறும் 4.3 சதவீதம்!