பொன்விழா வரையில் பொறுக்கலாமா?

கலாசாலையை விட்டு ஐம்பதாண்டு கழிந்தபின் உடன் பயின்றோர் ஒன்றுகூடிப் பொன்விழாக் கொண்டாடுவது நமது நாட்டில் வழக்கமாகி வருகிறது. உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற பெரியோர்கள் ஓராண்டுக்கு முன்பே கமிட்டி அமைக்கின்றனர், மண்டபம் பேசுகின்றனர், சந்தா வசூலிக்கின்றனர், மலர் வெளியிட முயலுகின்றனர். கைபேசியில் ஒரு வாட்ஸப் குழுவும் பிறந்துவிடுகிறது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும், அழைப்பு அனுப்புவதற்காக ஜாபிதா எழுத உட்காரும்பொழுதுதான் ஓர் உண்மை புலனாகிறது. பல பெயர்களுக்கு எதிரே விலாசம் இல்லை. சில பெயர்களுக்கு இனி விலாசமே வேண்டுவதில்லை.

இவ்விஷயத்தில் நாம் கருதிப் பார்க்கவேண்டிய சரித்திரம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மெய்ன் ராஜ்யத்தில் பிரன்ஸ்விக் என்ற ஊரில் போடன் கலாசாலை இருக்கிறது. அங்கே 1825ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளியேறிய வகுப்பில் நால்வர் இருந்தனர். ஒருவர் பின்னாளில் மகாகவி என்று புகழப்பெற்ற லாங்பெல்லோ. ஒருவர் பெருங் கதாசிரியரான ஹாதார்ன். ஒருவர் கடற்படையில் உத்தியோகம் வகித்த ஹொரேஷியோ பிரிட்ஜ். மற்றொருவர் அமெரிக்க காங்கிரஸில் அங்கத்தினரான ஜோனத்தன் ஸில்லி.

மாணாக்கராயிருந்த காலத்தில், 1824இல், ஹாதார்னும் ஸில்லியும் ஒரு பந்தயம் கட்டினர். பன்னிரண்டு ஆண்டுக்குள் ஹாதார்ன் விவாகம் செய்துகொள்வாரா, மாட்டாரா என்பதே பந்தயம். தோற்றவர் ஒரு பீப்பாய் மதிரா மது கொடுக்கவேண்டும். எழுதி முத்திரையிட்ட பத்திரத்தை பிரிட்ஜ் வைத்துக் காத்தார். 1836 நவம்பரில் கெடு முடிந்தது. ஹாதார்ன் பிரமசாரியாகவே இருந்து பந்தயத்தில் வென்றார். அதன்பின் பதினாறு மாதம் செல்லுமுன் ஸில்லி ஒரு துப்பாக்கிச் சண்டையில் மாண்டார். பட்டம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. வாலிபத்தில் பிரிந்தவர்கள் முதுமையில் சந்திப்பது நிச்சயம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

பந்தயத்தில் வென்ற ஹாதார்னின் நிலையோ அப்போது பரிதாபமானது. நம் சேலமன்று, மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து ஸேலம் என்னும் தம் ஊரில், தாயார் இல்லத்தில், உலகத்தினின்றும் ஒதுங்கி அவர் பல ஆண்டுகள் வாழ்ந்து வந்தார். 1828இல் தம் கைப்பொருளைச் செலவிட்டு வெளியிட்ட முதல் நவீனம் எடுபடவில்லை. பின்னர் எழுதிய கதைகள் பெயரில்லாமலே பத்திரிகைகளில் வந்து மறைந்தன. தம்முடன் படித்தவர்கள் பேராசிரியரும் வக்கீலும் ஆகியிருக்க, தாம் ஒன்றுமாகவில்லையே என்ற ஏக்கம் அவரை வாட்டியது. அவர் தம் உயிருக்கே தீங்கு தேடிக்கொள்வாரோ என்று பிரிட்ஜ் அஞ்சிக் கடிதம்மேல் கடிதமாக எழுதித் தேற்றினார். அதோடு நின்றாரில்லை. ஹாதார்னின் கதைகளைத் தொகுத்து வெளியிட்டால் நஷ்டம் வரும் பட்சத்தில் 250 டாலர் வரை தாம் ஈடு செய்வதாகப் பிரசுரகர்த்தருக்கு உறுதி கூறினார். இது ஹாதார்னுக்குத் தெரியாமல் நடந்தது. 1837 மார்ச்சில் புத்தகம் வெளிவந்தது.

ஹாதார்ன் அதில் ஒரு பிரதியை லாங்பெல்லோவுக்கு அனுப்பினார். கலாசாலையில் இவ்விருவரும் நெருங்கிப் பழகியவரல்லர். பன்னிரண்டாண்டாகத் தொடர்பும் இல்லை. ஆயினும் அப்போது ஹார்வர்டில் பேராசிரியராயிருந்த லாங்பெல்லோ, அவ்வாண்டு ஜூலையில் ஒரு பெயர்பெற்ற சஞ்சிகையில் அப்புத்தகத்தை மனமார வாழ்த்தி எழுதினார். அன்று தளிர்த்த நட்பு ஆயுள் பரியந்தம் நீடித்தது. லாங்பெல்லோவின் புகழ்பெற்ற ‘இவாஞ்சலின்’ காவியத்துக்கு மூலமான கதை முதலில் ஹாதார்னுக்குச் சொல்லப்பட்டது. அதை அவர் நண்பருக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்தார். காவியம் 1847இல் வெளிவந்தபோது பாராட்டியும் எழுதினார். வகுப்பறையில் தோன்றாத நட்பு ஒரு புத்தகத்தாலும் ஒரு மதிப்புரையாலும் தோன்றிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓராண்டு முன் படித்த பிராங்க்ளின் பியர்ஸின் தொடர்பும் குறிப்பிடத்தக்கது. அவர் 1853இல் அமெரிக்க ஜனாதிபதியானதும், தமது சரிதத்தைத் தேர்தலுக்காக எழுதிக்கொடுத்த ஹாதார்னை லிவர்பூலில் ஸ்தானாதிபதியாக நியமித்தார். சர்க்கார் உத்தியோகத்தைச் சிநேகிதத்துக்குச் சன்மானமாக வழங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பின் நடந்ததை யாரும் மறுக்கவொண்ணாது. 1863இல் பியர்ஸ் பொதுஜன வெறுப்புக்கு ஆளாகியிருந்தார். அவருக்குப் புத்தகத்தைச் சமர்ப்பிக்கவேண்டாம் என்று பிரசுரகர்த்தர்கள் தடுத்தும் ஹாதார்ன் சமர்ப்பித்தே தீர்ந்தார். மறு வருஷம் மே மாதத்தில் நோயுற்ற ஹாதார்னைத் தேகசுகம் கருதி யாத்திரை அழைத்துச் சென்றவர் பியர்ஸே. வழியில் ஒரு விடுதியில் இரவு நண்பர் மரித்துக் கிடந்ததைக் கண்டவரும் அவரே.

1875 ஜூலையில் அவ்வகுப்பின் ஐம்பதாம் ஆண்டு விழா பிரன்ஸ்விக்கில் நடந்தது. அறுபத்தெட்டு வயதான லாங்பெல்லோ எழுந்து, அவ்விழாவுக்கென்றே இயற்றிய நீண்ட கவிதையைப் படித்தார். சாகப் போகிறவர்கள் வணங்குகிறோம் என்னும் பொருள்படும் லத்தீன் தொடரே அதன் தலைப்பு. ஹாதார்ன் மறைந்து பதினொரு ஆண்டு ஆகியிருந்தது. ஸில்லி மறைந்து முப்பத்தேழு ஆண்டு. விழா நாள்வரை பொறுத்திருப்போம் என்று பிரிட்ஜ் 1836இல் எண்ணியிருந்தால், அன்று நினைந்து போற்றுவதற்கு ஹாதார்ன் என்றொரு ஆசிரியரே இருந்திருப்பாரோ, என்னவோ?

நமது தொழில் வழக்குரைப்பது. ஆதலால் அத்துறையிலிருந்தே ஓர் உவமை கூறுகிறோம். 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டுக் கடன்மீது வழக்காட மூன்றாண்டே தவணை. அத்தவணைக்குள் கடன் உண்மையென்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்று தொட்டுப் புதிதாக மூன்றாண்டு கணக்காகும். தவணை கடந்தபின் எழுதும் ஒப்புகையால் அந்தச் சலுகை கிட்டாது. நட்பும் ஒரு கடனே. ஒவ்வொரு கடிதமும் அக்கடனைப் புதுப்பிக்கும் ஒப்புகை. நட்பில் தவணை முடியும் தேதி மட்டும் எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

வாட்ஸப் குழு இருக்கிறதே என்று சிலர் கூறலாம். நூறு பேருக்கு ஒருங்கே அனுப்பும் காலை வணக்கப் படம் ஒருவருக்கு எழுதிய கடிதமாகாது. குழுவில் ஓயாது பேசுவோரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. பேசாதிருப்பவர் யார்? தொழிலில் நொடித்தவர்; பிள்ளையைப் பறிகொடுத்தவர்; செவி மந்தமானவர்; மற்றவர்களின் பதவிப் பெயர்களைக் கண்டு கூசி ஒதுங்கியவர். மணமானபின் பெயரின் முன்னெழுத்தும் ஊரும் மாறிப்போனதால் ஜாபிதாவிலிருந்தே மறைந்துபோன பெண்மக்களும் உண்டு. விழாவுக்கு வருவோருக்கு விழா அவ்வளவு அவசியமன்று; வாராதவருக்கே நண்பர் தேவை.

ஆகவே கமிட்டியார் நமது யோசனையை ஏற்பாராக. விலாசமில்லாத பெயர்களை ஆளுக்கு ஐந்தாகப் பங்கிட்டுக்கொண்டு இன்றே தேடத் தொடங்குக. கண்டவர்க்குக் கைப்படக் கடிதம் எழுதுக. உள்ளூரிலிருந்தால் நேரில் செல்க. சந்தா செலுத்த இயலாதவரின் சந்தாவை, பிரிட்ஜ் செய்தது போல, அவர் அறியாமல் செலுத்துக. எவரையும் என்ன உத்தியோகத்தில் ஓய்வு பெற்றீர் என்று முதலிற் கேளாதொழிக.

நேரிற் கண்டிராத பிசிராந்தையார் வருவார் என்று, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் அவருக்கு இடம் ஒதுக்கச் சொன்னதும், அவர் வந்து சேர்ந்ததும் புறநானூறு கூறும் செய்தி. ஒரே பெஞ்சியில் அமர்ந்து படித்தவர்க்கு இடம் ஒதுக்க நாம் ஐம்பதாண்டு எடுத்துக்கொள்ளலாமா? மண்டபத்துக்கு முன்பணம் பிறகு கட்டலாம். கடிதத்தை இன்று எழுதுங்கள்.