பேசும் ஸ்விட்ச்... ஒட்டுக்கேட்கும் திருடன்!

மருத்துவமனையில் பில் போடும் கம்ப்யூட்டர், வங்கியின் டோக்கன் மெஷின், கல்லூரி லேப்... இவை எல்லாவற்றையும் இணைப்பது, சுவரோரம் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி. அதன் பெயர் ‘நெட்வொர்க் ஸ்விட்ச்’. பெரும்பாலும் 24 அல்லது 48 கேபிள்களைச் செருகும் வசதி இருக்கும். ஒரு பெரிய அலுவலகத்தில் இப்படி நூற்றுக்கணக்கான பெட்டிகள். எங்கோ ஒன்று படுத்துவிட்டால், அது எந்த மாடியில், எந்த அறையில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்விட்ச்சே தன் நிலைமையைச் சொன்னால்தான் உண்டு. அதற்கான மொழிதான் எஸ்.என்.எம்.பி. விரித்துச் சொன்னால், ‘சிம்பிள் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் புரோட்டோகால்’. ஜெஃப்ரி கேஸ் உள்ளிட்ட நால்வர் 1988-ல் இதை வெளியிட்டனர்.

கரன்ட் மீட்டர் கணக்கு

ஸ்விட்ச்சுக்குள் ‘ஏஜென்ட்’ என்ற சின்ன மென்பொருள் இருக்கும். கண்காணிக்கும் கம்ப்யூட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைக் கேள்வி கேட்கும். ‘ஆன் ஆகி எவ்வளவு நேரமாச்சு? ஏழாம் போர்ட் வேலை செய்கிறதா?’ ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி வைத்த ஒரு நீண்ட எண் உண்டு. அவசரம் என்றால் ஸ்விட்ச் கேள்விக்குக் காத்திருக்காது. தானே தகவல் அனுப்பும். இதற்குப் பெயர் ‘ட்ராப்’.

ஆனால், ‘இப்போது எவ்வளவு வேகம்?’ என்று கேட்டால் ஸ்விட்ச் நேரடியாகச் சொல்லாது. இதுவரை எத்தனை பைட் போனது என்ற மொத்தக் கணக்கைத்தான் தரும். கரன்ட் மீட்டரைப் போல இரண்டு ரீடிங்குகளைக் கழித்துப் பார்க்க வேண்டும். பழைய 32 பிட் மீட்டர் சுமார் 429 கோடி பைட்டைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். முழு வேகத்தில் ஓடும் 1 கிகாபிட் இணைப்பில் இது வெறும் 34 விநாடிகளில் நடந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவருக்குத் தப்புக் கணக்குதான் கிடைக்கும். அதனால்தான் வேகமான இணைப்புகளுக்கு 64 பிட் மீட்டரைப் பயன்படுத்துகிறார்கள்.

பூட்டு இருக்கு, சாவி எல்லோரிடமும்!

எஸ்.என்.எம்.பி-யின் முதல் இரு பதிப்புகளில் பாஸ்வேர்டு போலச் செயல்படுவது, ‘கம்யூனிட்டி ஸ்ட்ரிங்’ என்ற ஒரு சொல். பல கருவிகளில், தகவலைப் படிக்க ‘பப்ளிக்’, செட்டிங்கை மாற்ற ‘பிரைவேட்’ என்றே ஆரம்பத்தில் வைத்திருப்பார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம்! போதாக்குறைக்கு, அந்தச் சொல் கேபிளில் அப்படியே வெளிப்படையாகப் பயணிக்கும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் சுலபமாகப் படித்துவிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த ‘ஏ.பி.டி 28’ குழு, 2021-ல் சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் இந்த வழியாகத்தான் நுழைந்தது என்று பிரிட்டன், அமெரிக்க அமைப்புகள் 2023 ஏப்ரலில் அறிவித்தன. சுலபமாக ஊகிக்கக்கூடிய கம்யூனிட்டி ஸ்ட்ரிங்குகளும், 2017-லேயே அறிவிக்கப்பட்ட ஒரு மென்பொருள் ஓட்டையும் அவர்களுக்குக் கைகொடுத்தன. உக்ரைனில் மட்டும் சுமார் 250 பேர் பாதிக்கப்பட்டனர்.

என்ன செய்யலாம்?

* பயனர் பெயர், பாஸ்வேர்டு, ரகசியக் குறியாக்கம் மூன்றையும் தரும் மூன்றாம் பதிப்புக்கு மாறுங்கள். இரண்டு பாதுகாப்புகளையும் ‘ஆன்’ செய்தால்தான் பலன்.
* பழைய கருவி என்றால், ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ இரண்டையும் உடனே மாற்றுங்கள்.
* கண்காணிக்க, படிக்கும் அனுமதி போதும். மாற்றும் அனுமதியை மூடிவிடுங்கள்.
* கண்காணிக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டுமே பதில் சொல்லும்படி ஸ்விட்ச்சை அமையுங்கள். வெளி இன்டர்நெட்டிலிருந்து 161-ம் எண் போர்ட்டைத் தடுத்துவிடுங்கள்.
* பிரின்டர், யு.பி.எஸ் ஆகியவற்றிலும் எஸ்.என்.எம்.பி இருக்கலாம். அவற்றையும் பாருங்கள்.
* நிறுவனம் தரும் மென்பொருள் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டு ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் எஸ்.என்.எம்.பி ‘ஆன்’ ஆகியிருந்து, யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ‘ஆஃப்’ செய்வதே நல்லது. ஸ்விட்ச் பேசட்டும். ஆனால், யாரிடம் பேச வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.