பல் மருத்துவம் பெற்ற பூனையைப் பேணுதல்

மனையில் வாழும் உயிர்களுள் பூனை தன் நோவை வெளிக்காட்டாத இயல்புடையது. நாய் நொந்தால் முனகும். பசு நொந்தால் கதறும். பூனையோ மூலையிற் சென்று ஒடுங்கும். ஆதலின் அதன் பல்நோய் முற்றிய பின்னரே நாம் அறிய நேர்கின்றது. வளர்ந்த பூனைக்கு 30 பற்கள் உள. அவற்றின் ஈறு அழன்று புண்ணானாலோ, பல் அரிக்கப்பட்டாலோ, கால்நடை மருத்துவர் மயக்கமருந்து அளித்துக் கெட்ட பல்லைக் களைவர். அதன்பின் அவ்வுயிரைப் பேணுங் கடன் வீட்டாரைச் சார்ந்தது.

மயக்கம் முற்றுந் தெளிய ஒரு நாள்வரை ஆகலாம். அதுகாறும் கால்கள் தள்ளாடும், உடற்சூடும் குறையும். ஆகவே, பரணிலும் படியிலும் ஏறாவண்ணம், அமைதியான அறையில், தரைமீது கம்பளி விரித்துப் பூனையைக் கிடத்துதல் வேண்டும். அது நன்கு விழித்து நடக்கத் தொடங்கிய பின்னரே சிறிது உணவு அளிக்கலாம். உமிழ்நீரில் ஓரிரு நாள் இரத்தச் சாயல் தோன்றுதல் இயல்பே. இரத்தம் இடையறாது வடியுமாயின், உடனே மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

பூனை உணவின் மணத்தைக் கொண்டே பெரிதும் உண்ணும். முள் நீக்கிய மீனையோ, எலும்பு நீக்கிய கோழி இறைச்சியையோ வேகவைத்து, நீர் விட்டு மசித்து, இளஞ்சூடாக வைத்தால் மணம் எழும். பூனையும் விரும்பி உண்ணும். வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியைக் கெடுப்பன, அவற்றைச் சேர்த்தலாகாது. புண் ஆறும்வரை, ஏறத்தாழ இரண்டு வாரங்கள், கடினமான உணவை விலக்குக. ஒரு நாள் முழுதும் உண்ணாதிருப்பின் மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். பட்டினி நீடித்தால், உடற்கொழுப்பு ஈரலிற் சென்று படிந்து உயிர்க்கே ஊறு செய்யும்.

இனி மருந்து குறித்து ஒன்று கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்துப் பூனைக்கு இரண்டு பற்கள் களையப்பட்டன. அன்றிரவு அது ஒடுங்கிக் கிடந்தமை கண்டு மனம் இளகிய என் பேரன், என் தலைவலிக்கு வைத்திருந்த பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பாலிற் கலந்து கொண்டுவந்தான். நல்வேளையாக நான் கண்டு தடுத்தேன். மனிதரின் ஈரல் அம்மருந்தை மாற்றி வெளியேற்ற வல்லது. பூனையின் ஈரலுக்கோ அவ்வாற்றல் மிகக் குறைவு. அம்மருந்து நஞ்சாகிக் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அழித்துவிடும். பூனையைக் கொல்ல ஒரு மாத்திரையே போதும். இதனைக் கேட்ட சிறுவன் நடுங்கிப்போனான். பின்னர் மருத்துவர் தந்த மருந்தை, அவர் குறித்த அளவிலும் வேளையிலும் தவறாது ஊட்டியவனும் அவனே.

மாணாக்கர்களே! அவன் நெஞ்சில் அன்பு குறைவற இருந்தது. அறியாமையால் அவ்வன்பே கேடு சூழ இருந்தது. வாயில்லா உயிரைப் பேணுவோர், ஐயமுற்றவிடத்து, அறிந்தோரை வினவியே செயற்படுதல் வேண்டும்.